மலையேறும் மரவண்டி எஞ்சின்: ஷே எண் 5

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் காஸ் என்னும் சிற்றூர் உள்ளது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு காகித நிறுவனம் அங்கே மர அறுவை ஆலையை நிறுவியது. ஆலை ஆற்றோரத்தில் இருந்தது. அதற்கு வேண்டிய ஸ்புரூஸ் மரங்களோ மலையுச்சியில் நின்றன. இடைப்பட்ட இருப்புப் பாதையில் சில இடங்களில் 100 அடி தொலைவுக்கு 11 அடி ஏற்றம் உண்டு. இப்பாதைக்கென 1905ஆம் ஆண்டில் செய்யப்பெற்ற எண் 5 என்னும் நீராவி எஞ்சின், நூறாண்டுக்கும் மேலாக அதே மலையில் பணிபுரிந்து வந்துள்ளது. ஒரு பொறி இத்துணைக் காலம் நிலைத்ததற்குக் காரணம் யாது என்பதைக் காண்போம்.

வழக்கமான நீராவி எஞ்சினில் நீண்ட உலோகத் தண்டுகள் பெரிய சக்கரங்களைச் சுழற்றுகின்றன. அச்சக்கரங்கள் அசையாச் சட்டமொன்றில் பொருத்தப்பட்டவை. எஞ்சினின் எடையில் ஒரு பகுதி, உந்தப்படாத மற்றச் சக்கரங்களின் மீது வீணே அமர்ந்திருக்கும். காட்டுப் பாதையோ சமன் செய்யாத மண்ணில் விரைந்து போடப்படுவது. மரம் தீர்ந்ததும் பெயர்த்தெடுக்கப்படுவது. கூரிய வளைவுகள் நிறைந்தது. அங்கே இவ்வகை எஞ்சின் வழுக்கும், அல்லது தடம் புரளும்.

இக்குறையைப் போக்கியவர் மிச்சிகன் மாநிலத்து மர வணிகரான எஃப்ரைம் ஷே. அவர் தமது அமைப்புக்கு 1881இல் காப்புரிமை பெற்றார். ஓஹையோ மாநிலத்து லைமா தொழிற்சாலை 1945 வரை இவ்வகை எஞ்சின்களைச் செய்தது.

இதன் வடிவம் காண்போர்க்கு வியப்பூட்டும். கொதிகலன் நடுவில் இராமல் இடப்புறம் ஒதுங்கியுள்ளது. வலப்புறத்தில் மூன்று நீராவி உருளைகள் செங்குத்தாக நிற்கின்றன. அவற்றின் எடையைச் சமன் செய்யவே இந்த ஒதுக்கம். உருளைகள் கீழேயுள்ள ஒரு தண்டைச் சுழற்ற, அது எஞ்சினின் நீளம் முழுவதும் சென்று, ஒவ்வொரு அச்சுக்கும் சாய்வுப் பற்சக்கரங்களின் வழியே ஆற்றலைத் தருகிறது. தண்டில் எப்பக்கமும் மடங்கும் மூட்டுகளும், நீண்டு சுருங்கும் இணைப்புகளும் உள்ளமையால் மேடுபள்ளத்திலும் வளைவிலும் அது முறிவதில்லை. எண் 5க்குச் சக்கரங்கள் பன்னிரண்டு; தண்ணீர்த் தொட்டியின் கீழுள்ளவை உட்பட அனைத்தும் உந்தப்படுபவை. எனவே தொட்டி நீரின் எடையும் பிடிமானத்திற்கு உதவுகிறது. ஓசையை மட்டும் கேட்பவர் வண்டி பறந்து செல்வதாகவே எண்ணுவார். அது நகர்வதோ மெல்லோட்டக்காரரின் வேகத்தில்தான்.

ஏற்றத்தைத் தாங்க மற்றோர் உத்தியும் கையாளப்பட்டது. வண்டி முன்னோக்கி ஏறி ஒரு முட்டுப்பாதையில் நிற்கும். தடம் மாற்றப்பட்டதும் பின்னோக்கி ஏறும். மீண்டும் முட்டுப்பாதை, மீண்டும் முன்னோக்கு. இங்கேதான் பயர்மேனின் கவலை தொடங்குகிறது. கொதிகலனின் பின்முனையிலுள்ள நெருப்பறையின் மேல்தகடு எப்போதும் நீரில் மூழ்கியிருக்க வேண்டும். முன்னோக்கி ஏறுகையில் நீர் பின்புறம் சாய்ந்து தகட்டை மூடும். பின்னோக்கி ஏறுகையிலோ முன்முனை தாழ்ந்து, நீர் தகட்டைவிட்டு விலகும். 20 அடிக் கலத்தில் மேற்கூறிய சரிவு 2 அடிக்கு மேற்பட்ட மட்ட வேறுபாட்டை உண்டாக்கும். ஆசிரியர்கள் பாதி நீருள்ள புட்டியைச் சாய்த்து இதனை மாணவர்க்குக் காட்டலாம். தகடு வெறுமையானால் பழுக்கக் காய்ந்து இளகும். நீராவி அழுத்தம் அதனைப் பிளந்துவிடும். 1995ஆம் ஆண்டில் பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க் பாதையில், பயணிகளை ஏற்றிச் சென்ற பழைய எஞ்சின் ஒன்றில் நீர் குறைந்ததனால் இவ்விபத்தே நேர்ந்து, பணியாளர் மூவர் காயமுற்றனர். அதன்பின் திருத்தப்பெற்ற அமெரிக்க விதிகளின்படி, 1,472 பணி நாட்கள் அல்லது 15 ஆண்டுகள், இவற்றுள் எது முந்தியதோ அப்போது, கொதிகலன் பிரிக்கப்பட்டு முழுதும் சோதிக்கப்பட வேண்டும்.

காஸ் மரப்பாதை 1960இல் மூடப்பட்டது. தண்டவாளமும் எஞ்சின்களும் பழைய இரும்பாக உடைக்கப்படவிருந்த வேளையில், ஆர்வலர் சிலர் முயன்று மாநில அரசை இணங்கச் செய்தனர். அரசு பாதையை வாங்கி, 1963 முதல் பயணிகளை ஏற்றத் தொடங்கியது. எஞ்சினை மட்டும் காட்சிக்கு நிறுத்தாமல், மலைப்பாதையையும் பட்டறையையும் சேர்த்துக் காத்ததே இதன் சிறப்பு என்பது எம் கருத்து. தேய்ந்த பற்சக்கரத்தை விலைக்குத் தரும் தொழிற்சாலை இன்று இல்லை; வார்த்துக் கடைந்தாக வேண்டும். அத்தொழில் ஏட்டில் கற்பதன்று, மூத்தவர் அருகில் நின்று கற்பது. 1972இல் பழைய பட்டறை தீக்கிரையானபோது பேரிழப்பு நேர்ந்தது. எனினும் வேலை நிற்கவில்லை.

1945இல் செய்யப்பெற்ற கடைசி ஷே எஞ்சின் சில ஆண்டுகளே உழைத்துப் பால்டிமோர் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் அசையாது நின்றது. 1980களின் தொடக்கத்தில் அதுவும் காஸுக்கு வந்து சேர்ந்து, மீண்டும் நெருப்பு மூட்டப்பெற்று மலையேறியது.