எல்லைக்கோட்டில் – 9: பெல்ட் போட்டுக்கொண்டு ஒரு விளையாட்டு

சென்ற வாரம் சதுரங்கம் விளையாட்டா என்று எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் ஒன்று மட்டும் சதுரங்கத்தை ஓரமாக வைத்துவிட்டு வேறொரு சண்டைக்கு வந்தது. "செஸ் ஆடுகிறவரையாவது ஒத்துக்கொள்ளலாம். கார் ஓட்டுகிறவனுக்கு எதற்கு சார் அர்ஜுனா விருது? ஓடுவது வண்டி. இவன் சும்மா உட்கார்ந்திருக்கிறான். அப்படியானால் கொல்லிமலை பஸ் டிரைவருக்கு முதலில் கொடுங்கள்."

கொல்லிமலை டிரைவருக்குக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் தினமும் ஏறி இறங்குகிறவர், அதுவும் பின்னால் ஐம்பது பேரை வைத்துக்கொண்டு. ஆனால் அவருக்கு நேரம் பார்த்து மதிப்பெண் போட ஆளில்லை. போட்டால் அந்தப் பஸ்ஸில் நான் ஏற மாட்டேன்.

கேள்வி என்னவோ நியாயமானதுதான். ராலி ஓட்டுநர் விளையாட்டு வீரரா? கடிதக்காரர் அவர்களுடைய துணிச்சலைச் சந்தேகிக்கவில்லை. தமிழில் 'வீரர்' என்று சொன்னதுமே துணிச்சல் முன்னால் வந்து நின்றுகொள்கிறது, உடம்பு பின்னால் போய்விடுகிறது. அவர் கேட்பது உடம்பைப் பற்றி. எனவே ஓர் உடம்பையே எடுத்துக்கொள்வோம்.

நாசர் அல்-அத்தியா. கத்தார் நாட்டுக்காரர். 2011 ஜனவரியில் டக்கார் ராலியின் கார் பிரிவில் முதலிடம் பிடித்தார். அர்ஜென்டினாவின் போயனஸ் அயர்ஸில் கிளம்பி, ஆண்டிஸ் மலையைத் தாண்டி, சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் புரண்டுவிட்டு, மறுபடி போயனஸ் அயர்ஸுக்கே திரும்பி வர இரண்டு வாரம். அடுத்த ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் அதே மனிதர் துப்பாக்கியோடு வந்து நின்றார். ஸ்கீட் என்று ஒரு போட்டி. இரண்டு பக்கத்திலிருந்தும் களிமண் தட்டுகள் சீறிக்கொண்டு பறக்கும், நின்ற இடத்திலிருந்து சுட்டு உடைக்க வேண்டும். அதில் அவருக்கு வெண்கலம். 1996 முதல் 2016 வரை தொடர்ந்து ஆறு ஒலிம்பிக்கில் கலந்துகொண்டவர் அவர்.

அதே கண், அதே தோள், அதே விரல். புல்தரையில் நின்று விசையை அழுத்தினால் ஒலிம்பிக் வீரர். இரண்டு வாரம் மணல்மேடுகளின்மேல் ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு போராடினால் டிரைவர். இந்தக் கணக்கு எங்கே இடிக்கிறது?

ஒலிம்பிக் சாசனத்தில் நெடுங்காலம் ஒரு விதி இருந்தது: இயந்திரத்தின் உந்துதலையே பெரிதும் நம்பியிருக்கும் விளையாட்டுகளுக்கு அங்கே இடமில்லை. வேடிக்கை என்னவென்றால், 1908 லண்டன் ஒலிம்பிக்கில் மோட்டார் படகுப் போட்டி நடந்திருக்கிறது. மூன்று பந்தயங்கள், மூன்றிலும் மோசமான வானிலை, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு படகுதான் கரை சேர்ந்தது. அத்தோடு அந்த ஆசை தீர்ந்துவிட்டது. குதிரைக்கு மட்டும் இந்த விதி கிடையாது. குதிரை ஓடலாம், தாண்டலாம், நடனமும் ஆடலாம். பதக்கம் மேலே உட்கார்ந்திருப்பவருக்கு. அல்-அத்தியா வெண்கலம் வாங்கிய அதே லண்டனில் ஜப்பானின் ஹிரோஷி ஹொகெட்சு குதிரையேற்றத்தில் கலந்துகொண்டார். வயது 71.

ராலிக்காரர்களுக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் வழக்கமாக எடுத்து நீட்டும் சீட்டு இதயத் துடிப்பு. பந்தயத்தின்போது நிமிடத்துக்கு 150-ஐத் தாண்டி அடிக்கிறது, பார்த்தீர்களா என்பார்கள். உண்மைதான். ஆனால் இந்த வாதம் எனக்கு ருசிப்பதில்லை. கடைசி ஓவரில் ஆறு ரன் தேவை என்ற கட்டத்தில் சோபாவில் உட்கார்ந்திருக்கும் என் மைத்துனருக்கும் துடிப்பு எகிறத்தான் செய்கிறது. அவரை யாரும் வீரர் என்று சொல்வதில்லை, அவருடைய மனைவி நிச்சயமாகச் சொல்வதில்லை. பயமும் பரபரப்பும் உழைப்பும் ஒரே எண்ணாக வந்து நிற்கும்போது அந்த எண்ணை வைத்து என்ன நிரூபிப்பது?

வெயில் வாதம் இதைவிடப் பலமானது. ராலி காரில் பெரும்பாலும் ஏசி கிடையாது. உள்ளே தீப்பிடிக்காத உள்ளாடை, அதன்மேல் தீப்பிடிக்காத முழு உடுப்பு, தலையில் முகமூடித் துணி, அதன்மேல் ஹெல்மெட், கழுத்தை முன்னால் வீசவிடாமல் பிடிக்கும் பட்டை. இன்ஜின் சூடும் புகைக்குழாய் சூடும் காலடியில். கிரீஸில் கோடையில் நடக்கும் அக்ரோபொலிஸ் ராலியில் காருக்குள்ளே 50 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில், நேரம் கணக்கிட்டு ஓட்டும் ஒவ்வொரு ஸ்டேஜாக, மூன்று நான்கு நாளில் சுமார் 300 கிலோமீட்டர் முழு வேகத்தில். ஆனால் இதையும் ஒரு வார்ப்படப் பட்டறைத் தொழிலாளி கேட்டால் சிரிப்பார். கஷ்டம் வேறு, விளையாட்டு வேறு.

எதிர்த்தரப்பின் கையில் இருக்கும் நல்ல ஆயுதம் வயது. ஸ்பெயினின் கார்லோஸ் சைன்ஸ் 2024-இல் சவுதி அரேபியாவில் டக்கார் ராலியை வென்றபோது அவருக்கு வயது 61. பிரான்ஸின் செபஸ்தியன் லோப் 2022-இல் மான்டி கார்லோ ராலியை 47 வயதில், அதுவும் பத்தரை விநாடி வித்தியாசத்தில் வென்றார். அறுபத்தொரு வயதில் ஜெயிக்க முடிகிற ஒன்றில் உடம்புக்கு என்ன வேலை? இந்தக் கேள்விக்கு முன் நான் கொஞ்ச நாள் வாயடைத்துத்தான் இருந்தேன்.

ஆனால் அந்த இரண்டு பேரின் பழைய கதையைப் பாருங்கள். சைன்ஸ் பதினாறு வயதில் ஸ்பெயினின் ஸ்குவாஷ் சாம்பியன். லோப் இளம் வயதில் ஜிம்னாஸ்டிக்ஸில் பிரான்ஸின் தேசியப் போட்டிவரை போனவர். கார் அவர்களுக்குக் கிடைத்தது பிறகுதான், உடம்பு அதற்கு முன்பே தயாராக இருந்தது. 2023 டக்காரில் சைன்ஸின் கார் கவிழ்ந்தது. ஹெலிகாப்டரில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். பாதி வழியில் மனிதர், திருப்புங்கள், நான் பந்தயத்தைத் தொடரவேண்டும் என்கிறார். திரும்பியும் வந்தார். கார்தான் தேறவில்லை. பிறகு பார்த்தால் முதுகெலும்பில் இரண்டு இடத்தில் முறிவு. அடுத்த ஜனவரியில் அதே முதுகோடு ஜெயித்தார். இதில் கொஞ்சம் பைத்தியக்காரத்தனமும் கலந்திருக்கிறது, மறுக்கவில்லை.

சரி, உடம்பு அங்கே செய்யும் வேலைதான் என்ன? ஓட்டக்காரரின் உடம்பு அசைந்து அசைந்து வேலை செய்கிறது. ராலிக்காரரின் உடம்புக்கு வேலையே அசையாமல் இருப்பதுதான். கார் குதிக்கிறது, பக்கவாட்டில் வழுக்குகிறது, பாறையில் இடிக்கிறது. இடுப்பையும் தோளையும் பெல்ட் பிடித்துக்கொள்ளும், கண்ணையும் மணிக்கட்டையும் யாரும் பிடித்துக்கொள்ள மாட்டார்கள். அவை இரண்டும் நிதானமாக இருப்பதற்காக வயிறும் முதுகும் தொடையும் இறுகி இறுகித் தளர்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார். ஸ்கீட் சுடுகிறவரும் இதைத்தான் செய்கிறார். ஒரே ஒரு வித்தியாசம், அவர் காலடியில் பூமி நிற்கிறது. அல்-அத்தியா இரண்டு விளையாட்டு ஆடியதாக எனக்குத் தோன்றவில்லை. ஒன்றையே நிற்கும் தரையில் ஒருமுறையும் ஓடும் தரையில் ஒருமுறையும் ஆடியிருக்கிறார்.

ஸ்டேஜ் நடுவில் டயர் பஞ்சரானால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். வட்டப் பந்தயத்தைப்போல இங்கே பத்துப் பேர் ஓடிவந்து மாற்றித்தர மாட்டார்கள். ஓட்டுநரும் பக்கத்து இருக்கையில் இருக்கும் கோ-டிரைவரும்தான் இறங்க வேண்டும். பெல்ட்டை அவிழ்த்து, பின்னாலிருந்து ஸ்டெப்னியை இழுத்து, ஒருவர் ஜாக்கி போட இன்னொருவர் நட்டைக் கழற்றி, இரண்டு நிமிடத்துக்குள் முடித்துத் திரும்பவும் உள்ளே ஏறிப் பெல்ட் போட்டு, அடுத்த வளைவில் மரத்துக்கும் கதவுக்கும் ஒரு சாண் இடைவெளி விட்டு ஓட்ட வேண்டும். பனிச்சறுக்கில் மூச்சிறைக்க வந்து, அந்த மூச்சிறைப்போடே குறிபார்த்துச் சுடும் ஒரு போட்டி குளிர்கால ஒலிம்பிக்கில் இருக்கிறது. அதில் வருகிறவர்களை வீரரா என்று யாரும் கேட்பதில்லை.

பிரான்ஸின் மிஷெல் மூட்டோனைப் பற்றித் தனி அத்தியாயமே எழுதலாம், இங்கே நாலு வரிதான். 1981-இல் இத்தாலியின் சான் ரெமோவில் உலக ராலி ஒன்றை வென்ற முதல் பெண். மறு ஆண்டு மூன்று ராலிகளை வென்று, சாம்பியன் பட்டத்தை வால்டர் ரோலிடம் பறிகொடுத்தார். பெண்ணும் ஆணும் ஒரே பட்டியலில் மோதுகிறார்கள் என்பதையே, பார்த்தீர்களா இதற்கு உடல்பலம் வேண்டாம் என்று சொல்லப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. அந்தக் கால ஆடி குவாட்ரோவின் ஸ்டியரிங்கை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

நம் ஊர் கணக்குக்கு வருவோம். சதுரங்கத்துக்கு முதல் அர்ஜுனா விருது 1961-இல், தமிழ்நாட்டின் மானுவல் ஆரோனுக்கு. மோட்டார் பந்தயத்துக்கு முதல் அர்ஜுனா 2019-இல், கௌரவ் கில்லுக்கு. ஆசிய பசிபிக் ராலிப் பட்டத்தை மூன்று முறை வென்ற பிறகு. உட்கார்ந்து ஆடுகிற ஒன்றை ஒத்துக்கொண்ட அரசு, இன்னொன்றை ஒத்துக்கொள்ள 58 ஆண்டு எடுத்துக்கொண்டது.

கடிதக்காரரிடம் இதுவரை வாதாடிவிட்டேன். அவர் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது, எனக்கு அதுதான் கஷ்டமான கேள்வி. பக்கத்து இருக்கையில் ஒருவர் இருக்கிறாரே, அவர் யார்? ஸ்டியரிங் அவரிடம் இல்லை. பிரேக் இல்லை. மடியில் ஒரு நோட்டு, கையில் பென்சில். பந்தயத்துக்கு முன்பே இருவரும் அந்தப் பாதையில் மெதுவாகப் போய் ஒவ்வொரு வளைவையும் எண்ணில் எழுதி வைத்துக்கொள்வார்கள். பெரும்பாலோர் வழக்கத்தில் ஒன்று என்றால் கடுமையான வளைவு, ஆறு என்றால் கிட்டத்தட்ட நேர்ப்பாதை. பந்தயத்தில் அவர் அதை வாசிக்க வேண்டும். அவ்வளவுதான்.

அவ்வளவுதானே என்று நானும் நினைத்தேன். சில ஆண்டுகளுக்கு முன் கோவைப் பக்கம் கேத்தனூரில், காற்றாலைகளுக்கு நடுவே ஒரு செம்மண் பாதை. ராலி ஓட்டும் நண்பர் ஒருவர் பயிற்சிக்குப் போகும்போது கூட உட்கார வைத்தார். அவருடைய வழக்கமான கோ-டிரைவர் ஒல்லியான மனிதர், லேத் பட்டறை வைத்திருப்பவர். தன் நோட்டை என் மடியில் வைத்து, பெல்ட்டை மூச்சு முட்ட இறுக்கிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ரோட்டைப் பாக்காதீங்க, நோட்டை மட்டும் பாருங்க," என்றார் நண்பர்.

முதல் இரண்டு வரி வாசித்தேன். நூறு, ரைட் ஃபோர். ஐம்பது, லெஃப்ட் த்ரீ, டோன்ட் கட். அடித்தட்டில் கற்கள் ஆணி அடிப்பதுபோல மோதின. தலை ஒரு பக்கம் போனது, வயிறு இன்னொரு பக்கம். கண் எழுத்தைப் பிடிப்பதற்குள் எழுத்து ஓர் அங்குலம் மேலே போய் நின்றது. நான் 'ரைட்' என்று சொன்னபோது நாங்கள் அந்த ரைட்டைத் தாண்டியிருந்தோம். நண்பர் என்னை நம்புவதை எப்போதோ நிறுத்தியிருந்தார், நல்லவேளை. தொண்டைக்குள் காலையில் சாப்பிட்ட பணியாரம் ஏறி வந்ததும் கையைத் தூக்கினேன்.

வண்டி நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. நோட்டிலும் கொஞ்சம். பின்னாலேயே டிவிஎஸ் 50-இல் வந்துசேர்ந்த கோ-டிரைவர் ஒன்றும் சொல்லாமல் நோட்டை வாங்கி, பக்கத்தை விரித்து, வேட்டி நுனியால் ஒற்றி எடுத்தார். பென்சில் எழுத்து அழியவில்லை. மையில் ஏன் எழுதுவதில்லை என்று எனக்குச் சொன்னார், அதைக் கேட்கும் நிலையில் நான் இல்லை.

"எவ்வளவு தூரம் வந்தோம்?" என்றேன்.

"ஒண்ணரை கிலோமீட்டர்ங்க," என்றார். "ஸ்டேஜ் பதினெட்டு."

(தொடரும்)