குழாய் எட்டாத ஊருக்கு லாரியில் வரும் எரிவாயு

கல்யாணிலிருந்து கோப்போலி செல்லும் ரயில் பாதையில் விட்டல்வாடி, உல்லாஸ்நகர், அம்பர்நாத், பத்லாபூர் என்று ஊர்கள் தோளோடு தோள் உரசிக்கொண்டு வரும். பத்லாபூரைத் தாண்டினால் குன்றுகளும் வயல்களும் புதுப்புது அடுக்குமாடிகளும். சென்னை மெயிலில் மும்பைக்கு வந்துபோகும் தமிழர்கள் கர்ஜத் வரை இதே வழியில்தான் பயணிக்கிறார்கள். இந்தப் பாதை நெடுக இயற்கை எரிவாயு மக்களை ஒரே விதமாகச் சென்றடையவில்லை. அம்பர்நாத்தில் மகாநகர் கேஸ் நிறுவனத்தின் நுழைவு நிலையம் இருக்கிறது. பெருங்குழாயில் அதிக அழுத்தத்தில் வரும் வாயு அங்கே அழுத்தம் குறைக்கப்பட்டு, உல்லாஸ்நகர் போன்ற பக்கத்து ஊர்களுக்குப் பிரிகிறது. கோப்போலிக்கு அருகே உள்ள சாவ்ரோலியில் அதே நிறுவனம் வேறு வழியைக் கையாண்டது. அங்கே எரிவாயு திரவமாக, டேங்கர் லாரியில் வந்து இறங்கியது.

மூன்று எழுத்துச் சுருக்கங்கள் பலரையும் குழப்புகின்றன. வீட்டு சிலிண்டரில் இருப்பது எல்.பி.ஜி.; அது புரோப்பேன், பியூட்டேன் கலவை, காற்றைவிடக் கனமானது. ஆட்டோவிலும் மும்பையின் பெஸ்ட் பேருந்திலும் நிரப்பப்படும் சி.என்.ஜி., பெரும்பாலும் மீத்தேன் கொண்ட இயற்கை எரிவாயுவை அழுத்தி அடைத்தது. எல்.என்.ஜி. என்பதும் அதே இயற்கை எரிவாயுதான். ஆனால் சுமார் மைனஸ் 162 டிகிரி செல்சியஸுக்குக் குளிரவைத்துத் திரவமாக்கியது.

இப்படித் திரவமாக்குவதால் வாயுவின் கன அளவு ஏறத்தாழ 600-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. சி.என்.ஜி. உருளைகளை அடுக்கிய சிறிய லாரி ஒன்று ஒரு நடைக்குச் சில நூறு கிலோ வாயுவைத்தான் சுமக்கும். அதன் எடையில் பெரும்பகுதி உருளைகளின் இரும்புக்கே போய்விடும். எல்.என்.ஜி. டேங்கரோ 17 டன் அளவுக்குக் கொண்டுவரும். வெப்ப அளவில் கணக்கிட்டால் அது 1,200-க்கும் மேற்பட்ட சமையல் சிலிண்டர்களுக்குச் சமம். இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் தூரத்துக்கு எரிவாயு அனுப்ப வேண்டுமானால் இந்த வித்தியாசம்தான் கட்டுப்படியாகுமா ஆகாதா என்பதைத் தீர்மானிக்கிறது.

டேங்கர் ஒரு பெரிய தெர்மாஸ் பிளாஸ்க். உள்ளே துருப்பிடிக்காத எஃகுக் கலன், வெளியே இன்னொரு எஃகு உறை, நடுவில் காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடமும் வெப்பத்தடைப் பொருளும். ஆனாலும் வெளிச்சூடு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கசியத்தான் செய்யும். திரவத்தில் ஒரு சிறு பகுதி ஆவியாகும், கலனில் அழுத்தம் ஏறும். அதனால் எல்.என்.ஜி.யை மாதக்கணக்கில் சேமித்து வைக்க முடியாது. வாங்கியதை உடனுக்குடன் செலவழிக்க வாடிக்கையாளர்கள் வேண்டும். ஊரில் தேவை குறைவாக இருந்தால், திரவமாக்கச் செலவழித்த பணமும் உழைப்பும் ஆவியாகவே போய்விடும்.

ஊரின் விளிம்பில் இருக்கும் நிலையத்தில் டேங்கர் தன் சுமையை நெட்டுக்குத்தான கலன்களில் இறக்குகிறது. அங்கிருந்து திரவம், இறக்கைகள் வைத்த அலுமினியக் குழாய்த் தொகுதி வழியாகப் போகிறது. சுற்றியுள்ள காற்றின் சூடே போதும், திரவம் மீண்டும் வாயுவாகிவிடும். மணமில்லாத அந்த வாயுவில் கசிவைக் கண்டுபிடிக்க வாசனைப் பொருள் கலந்து வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். வண்டிகளுக்கு சி.என்.ஜி. வேண்டுமென்றால் திரவ நிலையிலேயே பம்பு மூலம் அழுத்தத்தை உயர்த்திப் பிறகு ஆவியாக்குகிறார்கள். வாயுவை கம்ப்ரசரில் அழுத்துவதைவிட இதற்கு மின்சாரம் மிகக் குறைவு.

இந்த ஏற்பாட்டின் அருமை கொச்சியின் கதையில் தெரியும். புதுவைப்பீனில் பெட்ரோநெட் நிறுவனத்தின் முனையம் 2013-இல் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளும் திறன் இருந்தும் முதல் சில ஆண்டுகளில் அதில் பத்தில் ஒரு பங்குகூடப் பயன்படவில்லை. கப்பலில் வரும் வாயுவைக் கொண்டுசெல்லக் குழாய் இல்லாததுதான் காரணம். கூற்றநாட்டிலிருந்து பெங்களூருக்குப் போக வேண்டிய கெயில் நிறுவனத்தின் குழாய், கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி என ஏழு மாவட்டங்களின் விளைநிலங்களில் சுமார் 310 கிலோமீட்டர் கடக்க வேண்டியிருந்தது. தோப்பும் கிணறும் இழக்க நேருமோ என்று அஞ்சிய விவசாயிகள் எதிர்த்தார்கள். குழாயை நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோக வேண்டும் என்று 2013-இல் முதல்வர் ஜெயலலிதா அறிவித்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 2016 பிப்ரவரியில் கெயிலுக்குச் சாதகமாக முடிந்தது. மங்களூரு பக்கம் போகும் 450 கிலோமீட்டர் குழாயே 2021 ஜனவரியில்தான் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

அந்த விவசாயிகளின் கவலை நியாயமானது. குழாய் புதைத்த நிலத்தில் மரம் நடவோ வீடு கட்டவோ முடியாது. கிடைக்கும் இழப்பீடும் நிலத்தின் மதிப்புக்கு ஈடாகாது. லாரிக்கு யாருடைய தோட்டமும் தேவையில்லை. கொச்சியிலிருந்து தெற்கே ஆலப்புழை, கொல்லம், திருவனந்தபுரம் மாவட்டங்களுக்கு எரிவாயு வழங்கும் உரிமம் பெற்ற ஏஜி அண்ட் பி பிரதம் நிறுவனம், சேர்த்தலையிலும் திருவனந்தபுரத்தின் கொச்சுவேளியிலும் நிலையங்கள் அமைத்து, புதுவைப்பீனில் நிரப்பிய டேங்கர்களைக் கொண்டே வீடுகளுக்கும் பம்புகளுக்கும் வாயு கொடுக்கத் தொடங்கியது. நீண்ட தூரக் குழாய்க்காகத் தலைநகரம் காத்துக் கிடக்கவில்லை.

இன்னொரு பயன், சரக்கு லாரிகளே இந்தத் திரவத்தை எரிபொருளாகக் கொள்வது. சி.என்.ஜி.யைவிட அதிக தூரம் ஒரே நிரப்பலில் ஓடலாம் என்பதால் நெடுந்தூர லாரிகளுக்கு இது பொருந்தும். 2020 நவம்பரில் நெடுஞ்சாலைகளில் முதல் 50 நிலையங்களுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. மூன்றாண்டுகளில் 1,000 நிலையங்கள் என்று அப்போது மத்திய அரசு இலக்கு சொன்னது. 2021 ஜூலையில் நாக்பூரில் பைத்யநாத் குழுமம் ஒரு நிலையத்தைத் திறந்தது. அந்தக் குழுமத்தின் எல்.என்.ஜி. நிறுவனத்தோடு மகாநகர் கேஸ் கைகோத்து, 2023 டிசம்பரில் மகாநகர் எல்.என்.ஜி. என்ற கூட்டு நிறுவனம் உருவானது. ஆனால் 1,000 என்ற இலக்கை அந்த மூன்றாண்டுகளில் நெருங்கக்கூட முடியவில்லை. லாரி வாங்குபவர் நிலையம் எங்கே என்று கேட்கிறார். நிலையம் கட்டுபவர் லாரி எங்கே என்று கேட்கிறார்.

திரவமாக்கும் வேலையும் கடலோரப் பெருமுனையங்களின் தனியுரிமை அல்ல. மத்தியப் பிரதேசத்தின் விஜய்பூரில் கெயில் 2024 மார்ச்சில் தொடங்கிய சிறிய ஆலை, நாளுக்கு 36 டன் திரவம் தயாரிக்கும் அளவுடையது. உள்நாட்டிலேயே குழாயில் வரும் வாயுவைத் திரவமாக்கி, குழாய் இல்லாத பக்கத்து மாவட்டங்களுக்கு லாரியில் ஏற்றிவிடலாம்.

வெளிநாடுகளிலும் இந்த முறை உண்டு. போர்ச்சுகலுக்குச் சொந்தமான மதேரா தீவுக்கு 2014 முதல் கப்பலில் கன்டெய்னர் கன்டெய்னராக எல்.என்.ஜி. போகிறது. ஜப்பானில் கடலோர முனையங்களிலிருந்து உள்நாட்டுச் சிறு நகரங்களுக்கு லாரியிலும் ரயிலிலும் அனுப்புவது நெடுநாள் பழக்கம். கொச்சியிலிருந்து கன்டெய்னர்களில் இலங்கையின் கெரவலப்பிட்டி மின்நிலையத்துக்கு அனுப்பும் திட்டத்துக்காக 2024-இல் பெட்ரோநெட்டும் இலங்கையின் எல்.டி.எல். ஹோல்டிங்ஸும் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டன. இந்த முறைக்கு எல்லை எது என்பதும் அங்கேதான் தெரிகிறது. 350 மெகாவாட் மின்நிலையம் முழு வேகத்தில் ஓடினால் நாளொன்றுக்கு ஆயிரம் டன்னுக்கும் மேல் எரிவாயு வேண்டும். அதாவது தினமும் அறுபது எழுபது கன்டெய்னர்கள் வந்து, காலியாகித் திரும்ப வேண்டும். அந்த அளவுக்குத் தேவை வளர்ந்த இடத்தில் குழாயோ கப்பலோதான் சரிப்படும்.

விலைதான் சாமானியரை நேரடியாகத் தொடும் விஷயம். இந்தியா தன் எரிவாயுத் தேவையில் ஏறத்தாழ பாதியை இறக்குமதி செய்கிறது. 2022-இல் உக்ரைன் போர் மூண்டபோது ஆசியச் சந்தையில் எல்.என்.ஜி. விலை அதுவரை காணாத உச்சத்துக்குப் போனது. குழாய் வழி ஊர்களுக்கு உள்நாட்டு வாயுவும் கலந்து வருவதால் அடி சற்றுத் தணியும். இறக்குமதித் திரவத்தை மட்டும் நம்பும் நிலையத்துக்கு அந்தத் தாங்கல் இல்லை. சிறு பட்டறைகளும் உணவகங்களும் முதலீடு செய்து பர்னரை மாற்றிய பிறகு விலை ஏறினால், பழைய டீசலுக்கும் விறகுக்கும் திரும்பிவிடுவார்கள். விலை ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் நீண்டகால ஒப்பந்தம் இல்லாமல் இவர்களை இழுத்துவிடுவது அநியாயம்.

சுற்றுச்சூழல் கணக்கிலும் இரு பக்கம் உண்டு. டீசலைவிடப் புகையும் கந்தகமும் மிகக் குறைவு. ஆலைகள் நெருங்கிய ஊர்களில் மூச்சு விடுபவர்களுக்கு அது சிறிய விஷயமல்ல. ஆனால் எரியாமல் தப்பிக்கும் மீத்தேன், இருபது ஆண்டுக் கணக்கில் கார்பன் டையாக்சைடைவிட 80 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. நிரப்பும்போதும் இறக்கும்போதும் வெளியேறும் ஆவியைப் பிடித்து மீண்டும் பயன்படுத்தும் கருவிகளைக் கட்டாயமாக்க வேண்டும்.

பாதுகாப்பில் கடந்தகாலப் பாடங்கள் கசப்பானவை. 1944 அக்டோபரில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஒரு சேமிப்புக் கலன் உடைந்து பரவிய தீயில் சுமார் 130 பேர் மாண்டார்கள். கடுங்குளிரைத் தாங்காத எஃகில் செய்த கலன் அது. 2002-இல் ஸ்பெயினின் திவிசாவில் ஒரு டேங்கர் கவிழ்ந்து, தீப்பிடித்து வெடித்ததில் ஓட்டுநர் இறந்தார். அதன்பின் உலோகமும் விதிகளும் மேம்பட்டிருக்கின்றன. ஆனாலும் டேங்கரில் வரும் திரவத்தில் வாசனை கலந்திருக்காது. கசிந்தால் மூக்குக்குத் தெரியாது. உறைகுளிரான ஆவி முதலில் வெண்மூட்டமாகத் தரையோடு தவழும். சூடேறிய பிறகே மேலெழும். தேங்கிய திரவத்தின் மேல் தண்ணீரைப் பீய்ச்சினால் ஆவி இன்னும் வேகமாகப் பெருகும். எல்.பி.ஜி. தீயை அணைத்துப் பழகிய நகராட்சித் தீயணைப்பு வீரர்களுக்கு இவையெல்லாம் தனிப் பயிற்சி இல்லாமல் கைவராது. கோப்போலி அருகே ஏறும் போர்காட் மலைச்சாலையும் நாசிக் சாலையும் போன்ற வழிகளில் இந்த டேங்கர்கள் பெருகும் முன்பே, ஓட்டுநர்களுக்கும் வழியோரத் தீயணைப்பு நிலையங்களுக்கும் அந்தப் பயிற்சியை மாநில அரசும் எரிவாயு நிறுவனங்களும் சேர்ந்து கொடுத்து முடித்திருக்க வேண்டும்.