அரைப்பேராவது போடுங்க, அத்தை!

முன்வாசலால் வராதீங்க! அந்நிய முகம் தெரிந்தால் ஒன்பது வாண்டுகளும் கையைக் கட்டிக்கொண்டு நல்ல பிள்ளைகளாகிவிடும். நமக்கு ஒன்றும் கிடைக்காது. இப்படிப் பின்பக்கமாக, விறகு அடுக்கைத் தாண்டி வாங்க. அடுப்படிக் கதவு திறந்துதான் கிடக்கிறது. செருப்பைக் கழற்றும்போது காலில் அட்டை இருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்க. சரி, உள்ளே வந்தாச்சு!

என்ன ஒரு அலங்கோலம், என்ன ஒரு அழகு! அடுப்புக்கு மேலே கொடியில் மூன்று வெள்ளைச் சட்டை, ஒரு காற்சட்டை, ஒற்றைச் சப்பாத்துக் காலுறை. நாளை மறுநாள் பாடசாலைக்குள் இவை காய்ந்தாக வேண்டும். மூத்தவள் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே பன்னிரண்டாம் வாய்ப்பாட்டை முணுமுணுக்கிறாள். பன்னிரண்டு எட்டு வந்ததும் கை நின்றுவிடுகிறது. விடை கிடைத்த பிறகுதான் மாவு நகர்கிறது. இன்று ரொட்டி தாமதமாகும், பிரச்சினையே இல்லை.

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம்தான் வகுப்பு. மண்சரிவில் வீடிழந்த மீரியபெத்த ஆட்களுக்கென்று கொஸ்லந்தைப் பக்கம் மக்கல்தெனியவில் கட்டிக் கொடுத்த வீடுகளில் ஒன்று இது. மூன்று அண்ணன் தம்பிகளின் பிள்ளைகளும் ஒரு அக்காவின் பிள்ளைகளும் இங்கேதான் கூடுகிறார்கள். உயர்தரம் படித்த கடைசித் தங்கச்சிதான் டீச்சர். பாதிப் பேருக்கு அவர் அத்தை, மீதிப் பேருக்குச் சித்தி. நான்கு வயதுக் கடைக்குட்டிக்கு இந்தக் குழப்பமே வேண்டாம். இரண்டுக்கும் பொதுவாக ‘டீச்சரத்தை’ என்று வைத்துவிட்டான். பாட்டிகூட இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறார்.

2020 மார்ச்சில் கொரோனாவால் நாடு முழுக்கப் பாடசாலைகளை மூடினார்களே, அப்போது தொடங்கியது இந்த வீட்டு வகுப்பு. வாட்ஸ்அப்பில் பாடம் வரும், ஆனால் இருந்தது ஒரேயொரு போன். சிக்னல் தேடி ஒருவர் வளைவு வரை ஓடிப்போய்ப் பாடத்தை இறக்கிக்கொண்டு வருவார், டீச்சரத்தை அதைப் பலகையில் எழுதுவார். பலகை என்றால் பழைய கதவு, கறுப்புப் பெயின்ட் அடித்தது. கைப்பிடி இருந்த ஓட்டைகூட அப்படியே இருக்கிறது. பாடசாலைகள் திறந்து வருடங்களாகியும் கதவு சுவரை விட்டு இறங்கவில்லை. அன்றாடம் அந்தியில் வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை முழு நாள்.

தலையை மட்டும் மெதுவாக நீட்டுங்க. தரம் மூன்று பையன் எழுந்து நிற்கிறான். பத்துக் கணக்கில் ஐந்துதான் செய்திருக்கிறான். அத்தை கொப்பியைப் பார்க்கிறார், அவனைப் பார்க்கிறார். பையன் அசரவில்லை.

“அஞ்சு செஞ்சிருக்கேன்ல? அரைப்பேராவது போடுங்க, அத்தை!”

தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்த இடத்தில் சிரிப்பை அடக்கவே முடியாது. சொன்ன கிலோ கொழுந்து எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம். அம்மா தினமும் வீட்டில் பேசும் கணக்கைத்தான் பிள்ளை வகுப்புக்குக் கொண்டுவருகிறது. அத்தை சோக்குக் கையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறார். கையை எடுத்தபோது மீசை!

இதே பையன் போன மாதம் கிளினிக்கில் செய்ததை அடுப்படியில் மூத்தவள் நமக்காக ரகசியமாகச் சொல்கிறாள். மழையில் நனைந்தபடி போயிருக்கிறான். தாதி மிஸ்ஸி தராசில் ஏற்றி நிறையை எழுதப் போகும்போது கையைப் பிடித்து நிறுத்திவிட்டானாம்: “தண்ணிக்கு எத்தன கிலோ கழிப்பீங்க?” ஈரக் கொழுந்துக்குக் கழிவு போடுவதை அவன் அத்தனை தரம் பார்த்திருக்கிறான். மிஸ்ஸிக்குப் புரியவில்லை. கூட வந்திருந்த அம்மாமார் வரிசையே குலுங்கியிருக்கிறது.

பாடம் மாறுகிறது. தியலும நீர்வீழ்ச்சி. கொஸ்லந்தைக்காரர்களுக்கு அது வீட்டு விஷயம், வெல்லவாய ரோட்டில் பஸ் போகும்போது பார்ப்பதுதான். 220 மீற்றர் உயரம் என்று அத்தை எழுதுகிறார். கடைக்குட்டிக்குக் கவலை வந்துவிட்டது.

“அவ்ளோ தண்ணியும் கீழ விழுதே, திரும்பி மேல யாரு தூக்கிட்டுப் போறது?”

கேள்வி என்றால் இதுவல்லவா கேள்வி! நீர்ச்சுழற்சி முழுவதும் இதற்குள் இருக்கிறது. அத்தை பதில் சொல்வதற்குள் ஏழு வயதுக்காரி முந்திக்கொண்டாள்: “வெயிலுதான்டா. ஒன் காற்சட்ட காஞ்சதும் அதுல இருந்த தண்ணி எங்க போச்சு?” கடைக்குட்டி கொடியில் தொங்கும் காற்சட்டையை நிமிர்ந்து பார்க்கிறான், அப்புறம் கூரையைப் பார்க்கிறான். “அப்ப தியலுமவுல என் காற்சட்டைத் தண்ணியும் வருதா?” ஆமாம் என்று அத்தை சொன்னதும் அவன் முகத்தில் வந்த பெருமையை நீங்களும் பார்த்தீங்கதானே?

அடுத்து அளவைப் பாடம் என்று வந்ததும் எல்லாரும் அடிமட்டத்தை எடுக்கிறார்கள். இந்த வீட்டில் மில்லிமீற்றருக்குத் தனி மரியாதை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைக் கணக்கு ஒன்று உண்டு: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் கவனம், 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேறு. பிள்ளைகளுக்கு இது மனப்பாடம். தரம் மூன்று பையன் அடிமட்டத்தில் 75ஐத் தேடி விரல் வைத்துப் பார்க்கிறான். ஏழரைச் சென்ரிமீற்றர்.

“இம்புட்டுத்தானா? இதுக்கா பாட்டி பைய எடுத்து வாசல்ல வைக்கிறாங்க?”

மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பாட்டியின் கை நிற்கிறது. “ஒன் கொப்பி மேல மட்டும் விழுந்தா இம்புட்டுத்தான்டா. மல மேல பூரா விழுதே, அதக் கூட்டிப் பாரு.”

2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்த லயங்களை, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளை, மண் மூடியபோது பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள், வீட்டிலிருந்த பெரியவர்கள் பலர் தப்பவில்லை. பிறகு பழைய தேயிலைத் தொழிற்சாலையில் ஒண்டியிருந்து, இந்த வீடுகள் கிடைக்கவே 2016 ஆகிவிட்டது. அன்று பாடசாலையில் இருந்த பிள்ளைகளில் டீச்சரத்தையும் ஒருவர். இங்கே மழை பெய்தால்கூட வகுப்பை நிறுத்தாமல் நடத்துவதில் அவருக்கு ஒரு பிடிவாதம் இருக்கிறது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அவர் மேல் மதிப்பு ஏறிக்கொண்டே போகிறது.

பையன் நிஜமாகவே கூட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டான். மலைக்கு எத்தனை கொப்பி அகலம் என்று கேட்கிறான். யாருக்கும் தெரியவில்லை. அளக்கப் போகலாம் என்று ஞாயிற்றுக்கிழமைக்குத் திட்டம் போடுகிறார்கள்.

அடுத்தது வரலாறு. 1890இல் தோமஸ் லிப்டன் இந்தப் பக்கம் தோட்டங்கள் வாங்கினார், தம்பேதன்னைக்கு மேலே அவர் உட்கார்ந்து மலைகளைப் பார்த்த இடத்தை ‘லிப்டன் சீற்’ என்கிறார்கள், வெளிநாட்டுக்காரர்களெல்லாம் பார்க்க வருகிறார்கள். ஏழு வயதுக்காரி நாடியில் கைவைத்து யோசிக்கிறாள். “அந்தத் தொர உக்காந்த எடத்தப் பாக்க அவ்ளோ தூரத்துல இருந்து வர்றாங்க. நம்ம பாட்டி உக்காந்த எடத்தப் பாக்க ஏன் யாரும் வர்றதில்ல?”

பாட்டிக்குச் சிரிப்பில் வெற்றிலை புரையேறுகிறது. “நா எங்கடி உக்காந்தேன்!”

இந்த ஒரு வரியை எழுதிக்கொள்ளத்தான் நான் அடுப்படிப் புகையில் கண் எரிய நின்றேன் என்று நினைக்கிறேன்.

போன் அடிக்கிறது. கொழும்பில் கடையில் வேலை பார்க்கும், டீச்சரத்தையின் பெரிய அண்ணனின் வீடியோ கோல். மாவுக் கையோடு மூத்தவள் ஓட, நாமும் மறைவை விட்டு வெளியே வந்துவிட்டோம். யாரும் கவனிக்கவில்லை! தரம் மூன்று பையன் கொப்பியைப் போன் முகத்துக்கு நேரே பிடிக்கிறான். “பெரியப்பா”க்களும் “மாமா”க்களும் கத்துகிற சத்தத்துக்கு நடுவே அவன் குரல் மட்டும் தனியாகக் கேட்கிறது:

“அப்பா, ஏழெட்டு அம்பத்தாறு. கொழும்புலயும் அம்பத்தாறுதானா?”

அந்தப் பக்கம் கடையே சிரிக்கிறது. சாக்கு அடுக்கிக்கொண்டிருந்த ஒருவர் திரைக்குள் தலையை நீட்டி, “இல்லடா தம்பி, இங்க அம்பத்தெட்டு!” என்கிறார். அவ்வளவுதான். ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் பாய்கிறார்கள்.

“பெழ! பெழ! டீச்சரத்தை, அந்த மாமாவ பத்துத் தடவ எழுதச் சொல்லுங்க!”

டீச்சரத்தை போனை வாங்கி, சோக்கு மீசையோடு, கடைக்காரரிடம் பேனை இருக்கிறதா என்று கேட்கிறார்.