த்வாண்டேக் கடையும் டெல்லிக் கேள்வியும்

நாடாளுமன்ற உறுப்பினர்கள் எழுத்து மூலம் கேட்கும் கேள்விகளைப் பற்றியும், அமைச்சர்கள் தரும் பதில்களைப் பற்றியும் சென்ற மாதம் நமது வானொலியில் பேசினேன். நேரம் போதாமல் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. அதன் பிறகு ஒரு நேயரிடமிருந்து கடிதம் வந்தது. அவருடைய தாத்தா த்வாண்டேயில் கடை வைத்திருந்தவர். 1965-இல் குடும்பத்தோடு கப்பலேறிச் சென்னைக்கு வந்தவர். கடைக்கு எந்தத் தாளும் இல்லையாம். ஆனால் பாட்டி ரங்கூன் இந்தியத் தூதரகத்தில் ஒப்படைத்த நகைக்கு ஒரு பழைய ரசீது இருக்கிறதாம். எம்.பி. கேட்டால் அமைச்சர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால், இதையும் கேட்கச் சொல்லலாமா என்பது அவருடைய சந்தேகம்.

கேட்கலாம். ஆனால் எதை, எந்த வார்த்தையில் கேட்பது, வருகிற பதிலை எப்படிப் படிப்பது என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இளைய நேயர்களுக்காக ஊரைப் பற்றி இரண்டு வரி. இன்று யாங்கோன் என்று சொல்லப்படும் ரங்கூனுக்கு எதிர்க்கரை டல்லா. அங்கிருந்து உள்ளே போனால் த்வாண்டே. ரங்கூன் ஆற்றை ஐராவதியின் கிளையோடு இணைக்கும் 35 கிலோமீட்டர் கால்வாய்க்கும், சால், பானை வேலைக்கும் பேர் போன ஊர். சுற்றிலும் நெல் வயல். வெள்ளைக்காரன் காலத்தில் டெல்டாவின் இப்படிப்பட்ட ஊர்களில் அறுவடைக்கும், அரிசி ஆலைக்கும், கடை வைக்கவும், வட்டிக்கடைக் கணக்கு எழுதவும் நம்மவர்கள் போனார்கள்.

1962 மார்ச் 2-ஆம் தேதி ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964 மார்ச்சில் கடைகள் அரசுடைமையாக்கப்பட்டன. அதே ஆண்டு மே 17-ஆம் தேதி ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். கடையும் போய், கையிலிருந்த பணமும் போனபின் கப்பலுக்குக் காத்திருப்பது தவிர வேறு வழி இருக்கவில்லை. நகை எடுத்துப் போகவும் கடுமையான கட்டுப்பாடு. அதனால்தான் பலர் நகைகளை நம் தூதரகத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு வந்தார்கள். 1963 ஜூனுக்குப் பின் பர்மாவிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் மட்டும் ஏறத்தாழ 1,44,000 பேர். அரசு ஏட்டில் இவர்களுக்குப் பெயர் 'தாயகம் திரும்பியோர்'. ஊர் வாயில் 'பர்மா அகதி'.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடைக்குப் பூட்டுப் போட்ட நாளில், ஏன் பூட்டினாய் என்று ரங்கூனில் கேட்க ஒரு சபை கிடையாது. அதற்கு முன் இருந்தது. 1937-இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தபோது ரங்கூனில் அமைந்த கீழ்ச்சபையில் 132 இடங்கள்; அவற்றில் எட்டு இந்தியருக்கென்றும், மேலும் இரண்டு இந்தியத் தொழிலாளருக்கென்றும் ஒதுக்கப்பட்டிருந்தன. 1948-இல் சுதந்திரம் வந்தபின் இரு அவைகள் கொண்ட நாடாளுமன்றம் நடந்தது. நே வின் வந்ததும் அது கலைக்கப்பட்டது. ஆகவே த்வாண்டேக் கடையைப் பற்றிய கேள்வியை டெல்லியில்தான் கேட்க முடிந்தது.

கேட்டார்கள். 1964, 1965-ஆம் ஆண்டு மக்களவை விவாதத் தொகுதிகளில் பர்மா இந்தியர் பற்றிய கேள்விகள் வருகின்றன. எத்தனை பேர் வந்தார்கள், கப்பல் போதுமா, முகாமில் இடமிருக்கிறதா, இழப்பீடு கிடைக்குமா, நகை என்னவாயிற்று என்று. அப்போது மறுவாழ்வு அமைச்சர் மகாவீர் தியாகி. வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங். அரசுடைமை என்பது பர்மா தன் எல்லைக்குள் எல்லோருக்கும் பொதுவாகச் செய்த காரியம், அதில் தலையிட முடியாது, வருகிறவர்களுக்கு வசதியும் நியாயமான இழப்பீடும் கேட்போம் என்பதே டெல்லியின் நிலை. நம் தாத்தாக்களுக்கு அது ஆறுதலாக இருந்திருக்காது. ஆனாலும், இவர்கள் இன்ன காரணத்தால் இன்ன நிலையில் வந்தார்கள் என்பது அரசின் வாயாலேயே அச்சில் ஏறியது. கடைக்குத் தாள் இல்லாத குடும்பத்துக்கு அது சின்ன விஷயம் அல்ல.

இந்த உரிமை சும்மா வந்ததில்லை. 1892-ஆம் ஆண்டு சட்டம் வரும்வரை இந்தியாவில் சபை உறுப்பினர் கேள்வி கேட்கவே முடியாது. பதிலைக் கேட்டு மேலும் ஒரு துணைக் கேள்வி கேட்கும் உரிமை 1909-இல்தான் வந்தது. தீரர் சத்தியமூர்த்தி டெல்லி மத்திய சட்டசபையில் அந்தத் துணைக் கேள்வியை வைத்துக்கொண்டு வெள்ளைக்கார அதிகாரிகளைத் திணறடித்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பிற்பாடு 1957-இல் ஆயுள் காப்பீட்டுக் கழகம் முந்த்ரா கம்பெனிகளில் போட்ட பணத்தைப் பற்றி மக்களவையில் கேள்வி எழுந்தது. அது விசாரணைக் கமிஷனில் போய் முடிந்து, 1958 பிப்ரவரியில் நிதி அமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். மறுபக்கமும் உண்டு. கேள்வி கேட்கப் பணம் வாங்கினார்கள் என்று 2005 டிசம்பரில் பதினொரு உறுப்பினர்கள் நீக்கப்பட்டார்கள்.

சரி, இன்று எப்படி நடக்கிறது? மக்களவையை மட்டும் சொல்கிறேன். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும். துணைக் கேள்வியும் கேட்கலாம். ஒரு நாளுக்கு 20 கேள்விதான் பட்டியலில் வரும். அதிலும் ஒரு மணி நேரத்துக்குள் எட்டுவது சில. எட்டாதவற்றுக்கு எழுத்தில் பதில். நட்சத்திரக் குறியில்லாத கேள்விக்கு எழுத்துப் பதில் மட்டும், நாளொன்றுக்கு 230. இரண்டுக்கும் பதினைந்து முழு நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஓர் உறுப்பினர் ஒரு நாளுக்கு ஐந்து நோட்டீஸ்தான் கொடுக்கலாம், அதுவும் குலுக்கலில் வர வேண்டும். ஒவ்வொரு துறைக்கும் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு நட்சத்திரமில்லாத கேள்வியே போதும் என்பது என் அபிப்பிராயம். தொலைக்காட்சியில் வராது, கைதட்டல் இருக்காது. ஆனால் புள்ளிவிவரம் அதில்தான் வரும். 2020 செப்டம்பரில் கொரோனாவைக் காட்டிக் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டபோதும் எழுத்துப் பதில் மட்டும் நிற்கவில்லை.

பதிலைப் படிப்பது தனிக் கலை. ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். வீட்டில் படித்த பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பார்க்க வேண்டியது, அ, ஆ, இ, ஈ என்று நான்காகக் கேட்ட கேள்விக்குத் தனித்தனியே பதில் இருக்கிறதா, அல்லது "அ முதல் ஈ வரை" என்று ஒரே பத்தியாகக் கட்டிவிட்டார்களா என்பதை. ஒன்றாகக் கட்டினால் ஏதோ ஒரு பிரிவு பதிலில்லாமல் நழுவியிருக்கும். எது என்று தேடிப் பாருங்கள். "இத்தகைய விவரம் மத்தியில் பராமரிக்கப்படுவதில்லை" என்று வந்தால், மாநிலத்திடம் இருக்கலாம் என்று பொருள். அடுத்த கேள்வியைச் சென்னையில் சட்டமன்ற உறுப்பினர் மூலம் கேட்க வேண்டும். "கேள்வி எழவில்லை" என்பது கோபத்தில் சொல்வதல்ல. முதல் பிரிவுக்கு 'இல்லை' என்று சொல்லிவிட்டதால் அதைத் தொட்டு வந்த பிரிவுகளுக்குப் பதில் தேவையில்லை என்பதுதான். ஆகவே முதல் பிரிவை 'இல்லை' என்று தட்டிக் கழிக்க முடியாதபடி எழுதுவதில்தான் சாமர்த்தியம்.

இலங்கையிலிருந்து வந்து முகாமில் இருக்கும் குடும்பங்களுக்கு இன்னொரு வாசகம் பழக்கமாகியிருக்கும். 1951-ஆம் ஆண்டு ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை, எல்லா வெளிநாட்டவரும் வெளிநாட்டவர் சட்டம் முதலானவற்றின் கீழ்தான் என்று உள்துறை பல ஆண்டுகளாக ஏறத்தாழ அச்சு மாறாமல் பதில் தந்து வந்தது. அதில் சொல்லப்பட்ட 1920, 1939, 1946-ஆம் ஆண்டுச் சட்டங்களின் இடத்தில் 2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் வந்திருக்கிறது. பழைய பதிலை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போகிறவர்கள் தேதியைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். இந்தியாவில் ஓட்டு இல்லாதவரைப் பற்றி எம்.பி. கேள்வி கேட்கக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. முகாம் குடும்பங்கள் கூச்சப்படாமல் தங்கள் தொகுதி உறுப்பினரிடம் போகலாம்.

"பரிசீலனையில் இருக்கிறது", "தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்" ஆகிய இரண்டும் ஏமாற்று வார்த்தை என்று நம்மில் பலர் காகிதத்தை மடித்து வைத்துவிடுகிறோம். அப்படி வைக்கக்கூடாது. இவை அவைக்குத் தந்த உறுதிமொழிகளாகக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். நிறைவேறியதா என்று பார்க்க மக்களவையில் 1953 டிசம்பர் முதல் அரசு உறுதிமொழிக் குழு ஒன்று இருக்கிறது. துறைகள் மாதக்கணக்கில் நீட்டிப்புக் கேட்கும் என்பது உண்மைதான். ஆனால் நீட்டிப்புக் கேட்டதும் ஏட்டில் ஏறும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் எட்டாவது பிரிவில் ஒரு வரி உண்டு. நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாத தகவலை எந்த மனிதருக்கும் மறுக்கக்கூடாது என்று. எழுத்துப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்கு ஆதாரமான கோப்பைக் கேட்டுப் பத்து ரூபாயில் மனுப் போடலாம். உறுப்பினரின் கேள்வி கதவைத் திறக்கும்; உள்ளே போவது நம் வேலை.

இப்போது கடிதம் எழுதிய நேயரின் விஷயம். மக்களவை நடைமுறை விதிகளில் கேள்வி எப்படி இருக்கக்கூடாது என்று ஒரு நீண்ட பட்டியலே இருக்கிறது. 150 வார்த்தையைத் தாண்டக்கூடாது. வாதம், கிண்டல், குற்றச்சாட்டு கூடாது. அமைச்சரின் அபிப்பிராயத்தைக் கேட்கக்கூடாது. நட்பு நாட்டை மரியாதைக் குறைவாகப் பேசக்கூடாது. எல்லாவற்றையும் விட நமக்கு முக்கியமானது, கடந்தகால வரலாற்றைக் கேட்கக்கூடாது என்பது. "1964-இல் த்வாண்டேயில் எங்கள் கடையைப் பிடுங்கியது நியாயமா" என்று எழுதினால் மூன்று விதிகளில் ஒரே சமயத்தில் அடிபட்டுப் போகும். பழைய வலியை இன்றைய கேள்வியாக மாற்றி எழுத வேண்டும்.

வெளியுறவுத் துறைக்கு இப்படி எழுதிப் பார்க்கலாம். (அ) பர்மாவிலிருந்து தாயகம் திரும்பியோர் ரங்கூன் இந்தியத் தூதரகத்தில் ஒப்படைத்த நகை மற்றும் மதிப்புள்ள பொருள்களில், உரியவரிடம் சேராமல் இன்று அரசின் பொறுப்பில் இருப்பவை எவை? (ஆ) அவை எத்தனை பேருக்கு உரியவை, எங்கே வைக்கப்பட்டுள்ளன? (இ) உரியவரோ வாரிசோ எந்த அதிகாரியிடம், எந்தச் சான்றுகளுடன் விண்ணப்பிக்க வேண்டும்? (ஈ) பெயர்ப் பட்டியலைத் தமிழில் வெளியிட என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது?

இதில் ஒருவர் பெயரும் இல்லை, கோபமும் இல்லை. 'இருக்கிறதா' என்று கேட்காமல் 'எவை' என்று கேட்டிருப்பதைக் கவனியுங்கள். கடைக்கான இழப்பீட்டை இதோடு சேர்க்காதீர்கள். அது தனிக் கேள்வி. கடை திரும்பி வரும் என்று நான் யாருக்கும் ஆசை காட்டமாட்டேன். நகை விஷயத்தில் "எதுவும் இல்லை" என்று பதில் வந்தாலும், ரசீது வைத்திருப்பவர் அப்போது அந்தப் பதிலுக்கு எதிராகத் தன் ரசீதைக் காட்டலாம். தவறான தகவல் தந்திருந்தால் அமைச்சர் அவையிலேயே திருத்தம் வைக்க வேண்டும்.

அங்கே இன்னும் உறவினர் இருக்கும் குடும்பங்களும் எழுதிக் கேட்கிறீர்கள். மியான்மரில் 2011 ஜனவரி 31 முதல் பத்தாண்டுகள் நாடாளுமன்றம் கூடியது. கீழவையில் த்வாண்டே டவுன்ஷிப்புக்கு ஓர் உறுப்பினர், யாங்கோன் வட்டார மன்றத்தில் இருவர். அங்கும் நட்சத்திரக் குறியிட்ட கேள்வி, குறியில்லாத கேள்வி என்ற பிரிவு இருந்தது. துணை அமைச்சர்கள் வந்து பதில் படிப்பார்கள். சாலை, பாலம், மின்சாரம், பறிபோன நிலம் என்று கேள்விகள் வரும். நிதி கிடைத்ததும் முன்னுரிமைப்படி செய்வோம் என்பது அவர்களுடைய பல்லவி. 1982-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில் நம்மவர்கள் எந்தப் பிரிவில், எந்த அட்டையோடு நிற்கிறார்கள் என்பது ஒவ்வொரு வீட்டிலும் பிரச்சினை. புதிய அவை கூட வேண்டிய 2021 பிப்ரவரி 1-ஆம் தேதி காலையில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அந்தப் பத்தாண்டில் வந்த பதில்கள் அரசு நாளிதழ்களில் அச்சாகியிருக்கின்றன. உறவினரிடம் நறுக்குகள் இருந்தால் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக நடைமுறை. நாடாளுமன்றம் ஆண்டுக்கு மூன்று முறை கூடும்: பட்ஜெட், மழைக்காலம், குளிர்காலம். கூட்டத்தொடர் தேதி பத்திரிகையில் வந்த அன்றே தொகுதி அலுவலகத்துக்குப் போய்விட வேண்டும். பதினைந்து நாள் நோட்டீஸ் கணக்கு அதற்குத்தான். கேள்வியை ஒரு பக்கத்தில், முடிந்தால் ஆங்கிலத்திலும் எழுதிக் கொண்டு போங்கள். உதவியாளர் முகவரியும் தேதியும் எழுதி வாங்கிக்கொள்ளட்டும். தூதரக ரசீதின் நகலை மட்டும் கொடுங்கள். அசலை வீட்டை விட்டு வெளியே எடுக்க வேண்டாம்.