கொல்லைக்கு ஒரு ஃபோகஸ் லைட்



கொல்லையில் பெரிய லைட்டாகப் போட்டுவிட்டால் பயமே இல்லை என்று நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்க வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்க கொல்லையில் ஒரு இரும்பு பைப் நட்டிருக்கும். அதில் 60 வாட்ஸ் குண்டு பல்பு எரியும். போன மாசியில் ஒரு ராத்திரி, தம்பி காதுகுத்துக்கு வளர்த்த கிடாவை யாரோ அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள். தம்பி இரண்டு நாள் சோறு சாப்பிடவில்லை. அந்த வாரமே அப்பா 50 வாட்ஸ் எல்.இ.டி. ஃபோகஸ் லைட் வாங்கி வந்து, பழைய பல்பைக் கழற்றிவிட்டு அவரே மாட்டினார்.

கொல்லை பகல் மாதிரி ஆனது. ஆனால் மூன்றாம் நாள் ராத்திரி வெளியே போன அப்பாயி படியில் தடுக்கி விழுந்துவிட்டார்.

"இம்புட்டு வெளிச்சத்துல எப்படி அப்பாயி விழுந்த?" என்று கேட்டேன்.

"வெளிச்சந்தான் ஆத்தா கண்ணக் குத்திருச்சு. படியே தெரியல" என்றார்.

எதிர்வீட்டு அக்காவும், "புள்ள தூங்க மாட்டேங்குது, லைட்டக் கொஞ்சம் திருப்புங்க" என்று வந்து சொன்னார்.

அப்பா வயரிங் வேலை செய்யும் அண்ணனைக் கூப்பிட்டார். அவர் லைட்டைப் பார்க்கவில்லை. பைப்பில் கட்டியிருந்த துணி காயப்போடும் கம்பியைத்தான் பார்த்தார். "பச்சை ஒயர் எங்கண்ணே?" என்றார். "ரெண்டு ஒயர் கொடுத்தாலே எரியுதே" என்றார் அப்பா. அதை வெட்டி டேப் சுற்றி வைத்திருந்தார்.

அந்த அண்ணன் சொல்லித் தெரிந்துகொண்டவை:

1. பச்சை ஒயர்தான் எர்த். ஃபோகஸ் லைட்டின் உடம்பு உலோகம். மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி கரண்டு கசிந்தால் பைப்புக்கும், கம்பிக்கும், ஈரத்துணிக்கும் வரும். எர்த் இருந்தால் கசிவு பூமிக்குப் போகும். ஆர்.சி.சி.பி. என்ற சாதனமும் வைத்திருந்தால், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டை நிறுத்திவிடும்.

2. வாட்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு இல்லை, செலவாகும் கரண்டின் அளவு. வெளிச்சத்தை லூமென் என்று அளப்பார்கள். 60 வாட்ஸ் குண்டு பல்பு சுமார் 700 லூமென் தரும். நல்ல 20 வாட்ஸ் எல்.இ.டி. 1,800 லூமென்கூடத் தரும். தினமும் 10 மணி நேரம் எரிந்தால் 30 நாளில் குண்டு பல்புக்கு 18 யூனிட், இதற்கு 6 யூனிட்தான்.

3. லைட் கண்ணுக்கு நேராக அடித்தால் கண்பாவை சுருங்கிவிடும். அப்போது நிழலில் இருப்பது எதுவும் தெரியாது. திருடன் நின்றாலும் தெரியாது! அதனால் தரையைப் பார்த்துச் சாய்த்து மாட்ட வேண்டும்.

4. வெள்ளை வெளிச்சத்தைவிட மஞ்சள் வெளிச்சத்துக்குப் பூச்சி குறைவாக வரும். "பூச்சிக்குத் தவள வரும், தவளைக்குப் பாம்பு வரும்" என்று அப்பாயியும் சொன்னார்.

5. வெளியில் மாட்டும் லைட்டில் ஐ.பி. 65 என்று போட்டிருக்க வேண்டும். 6 என்றால் தூசி புகாது. 5 என்றால் தண்ணீர் பீய்ச்சி அடித்தாலும் தாங்கும்.

பிறகு அவர் மெயினை ஆஃப் செய்தார். அதற்கு முன்பே டெஸ்டர் எரிகிறதா என்று ப்ளக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டார். 20 வாட்ஸ் மஞ்சள் லைட்டைச் சுவரில் தரை பார்த்து மாட்டி, பச்சை ஒயரை எர்த்தில் சேர்த்தார். நான் டார்ச் மட்டும் பிடித்தேன். நாம் கரண்டில் கை வைக்கவே கூடாது.

அம்மா ஒன்றும் பேசவில்லை. கம்பியில் கிடந்த துணிகளை எல்லாம் எடுத்தார். இரண்டு மாதமாக தினமும் அந்தக் கம்பியில்தான் ஈரத்துணி போட்டிருக்கிறார். அப்பா அன்றைக்கே கம்பியை அறுத்துவிட்டு, வேப்பமரத்துக்கும் முருங்கைக்கும் நைலான் கயிறு கட்டினார்.

கிடா போனால் வேறு கிடா வாங்கலாம். நண்பர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் உங்க துணிக்கொடி எதில் கட்டியிருக்கிறது என்று பாருங்கள். லைட் பைப்பில் கட்டியிருந்தால் பெரியவர்களிடம் சொல்லி அவிழ்க்கச் சொல்லுங்கள். பச்சை ஒயர் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி