பேத்திக்கு 84 கண்ணி

குன்னூரில் டிசம்பர் வந்தால் விரல் மரத்துப்போகும். அதற்குள் பேத்தியின் கார்டிகனையும் தொப்பியையும் முடித்தாக வேண்டும். மகனுக்கு நான் பின்னிய முதல் ஸ்வெட்டர் அவனுக்கு இரண்டு வயதில்தான் பொருந்தியது. மாதிரி பின்னிப் பார்க்காத அவசரம்!

இப்போதெல்லாம் 4 மி.மீ. ஊசியில் ஒரு சதுரம் பின்னி, அலசிக் காயவைத்த பிறகே அளக்கிறேன். 10 செ.மீ.க்கு 22 கண்ணி வந்தது. ஐந்து மாதக் குழந்தை, தலைச்சுற்றளவு 41 செ.மீ. தொப்பி நெகிழ்ந்து கொடுக்கும் என்பதால் 38 போதும். அதை 2.2-ஆல் பெருக்கினால் 83.6. நான் 84 போட்டேன். விளிம்பில் இரண்டு நேர், இரண்டு எதிர் என்று பின்ன நான்கால் வகுபடும். உச்சியில் குறைக்க ஏழு பாகமாகவும் பிரியும். இப்படிக் கணக்கு அமைந்த அன்றைக்குக் காபிகூட ருசிதான்.

கார்டிகனைக் கழுத்திலிருந்து கீழ்நோக்கி, ராக்லன் முறையில் பின்னுகிறேன். தோளில் மூட்டுத் தையல் உறுத்தாது. குழந்தை வளர்ந்ததும் கை விளிம்பைப் பிரித்து நீட்டலாம். (கார்டிகன், ராக்லன் இரண்டுமே கிரிமியப் போருக்குப் போன பிரிட்டிஷ் பிரபுக்களின் பெயர்கள். பச்சைக்குழந்தை உடுப்பில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்!)

பொத்தான்களை இழுத்தாலும் வராதபடி இறுக்கித் தையுங்கள். தொப்பிக்கு நாடா வேண்டாம். வீட்டுக்குள் குழந்தை தூங்கும்போது தொப்பியைக் கழற்றிவிடுங்கள். உடம்புச் சூடு தலைவழியாகவும் தணிய வேண்டும்.