சீனரின் ருதுசரியை

சூரியன் வான மண்டலத்தில் 15 பாகை நகரும்தோறும் ஒரு பருவக்கூறு பிறப்பதாகக் கொண்டு, ஓராண்டை 24 கூறுகளாக வகுத்து, விதைப்பதற்கும் அறுப்பதற்கும் மட்டுமன்றி, இன்ன நாளில் இன்னதை உண்ண வேண்டும், இன்னதைப் பருக வேண்டும், இன்ன நேரத்தில் எழ வேண்டும் என்பதற்கும் அந்தக் கணக்கையே பிரமாணமாகக் கொண்டார்கள் மஞ்சள் நதிப் படுகையில் வாழ்ந்த சீனர்கள். 2016ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இந்தப் பருவக் கணக்கை மானிட குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்துச் சிறப்பித்தது. ஆனால் அந்தக் கௌரவத்தைக் காட்டிலும், ருது மாறும்போது அடுப்பில் கொதிக்கும் பானத்தையும் மாற்றிக்கொள்ளும் வழக்கம் சாதாரணச் சீனக் குடும்பங்களில் இன்றளவும் மறையாதிருப்பதே என் மனத்தைப் பெரிதும் கவர்கிறது.

இவ்வழக்கத்துக்கு ஆதாரமான கிரந்தம் 'ஹுவாங்தி நெய்ஜிங்' என்பது. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்டதாக அறிஞர்கள் கருதும் இந்நூல், மஞ்சள் பேரரசருக்கும் அவருடைய வைத்தியருக்கும் நிகழும் சம்வாதமாக அமைந்தது. வசந்தத்தில் அதிகாலையில் எழுந்து, கூந்தலை அவிழ்த்துவிட்டு முற்றத்தில் ஆறுதலாக உலவ வேண்டும். கோடையில் நீண்ட பகலை வெறுக்கலாகாது. இலையுதிர் காலத்தில் கோழியோடு உறங்கிக் கோழியோடு விழிக்க வேண்டும். குளிர்காலத்திலோ முன்னதாகப் படுத்து, வெயில் வந்த பின்னரே எழ வேண்டும் என்பது அதன் உபதேசத்தின் சாரம். வசந்தத்தைக் கல்லீரலோடும், கோடையை இருதயத்தோடும், இலையுதிர் காலத்தைச் சுவாசப்பையோடும், குளிர்காலத்தைச் சிறுநீரகத்தோடும் அது இணைக்கிறது. கோடையின் இறுதிப் பகுதி மண்ணீரலுக்கு உரியது. இவ்வுறுப்புகளின் பெயர்களைக் கேட்டவுடன் அறுவை சிகிச்சை மேசையில் காணும் அவயவங்களை மட்டுமே நினைத்தல் கூடாது. சரீரத்திலும் மனத்திலும் நிகழும் செயல்களின் தொகுதிகளையே பண்டைச் சீன வைத்தியர்கள் இவ்வாறு பெயரிட்டு வழங்கினார்கள்.

பானங்களில் எனக்கு முதன்மையாகத் தோன்றுபவை தென்சீனத்தின் குவாங்தோங் மாகாணத்துக் கஷாயங்கள். வெப்பமும் ஈரமும் ஒருங்கே வருத்தும் அந்தப் பிரதேசத்தில், தொண்டை கரகரத்தாலும் வாயில் புண் கண்டாலும், உடலில் சூடு ஏறிவிட்டது என்று சொல்லி, தெருமுனைக் கடையில் 'லியாங் சா' என்னும் கஷாயத்தை, பெரும்பாலும் இளஞ்சூடாகவே, ஒரு கிண்ணம் வாங்கிப் பருகுவது மக்களின் இயல்பு. வாங் லாவ் ஜி என்னும் பெயர் கொண்ட புகழ்பெற்ற கஷாயம் குவாங்சோ நகரில் 1828ஆம் ஆண்டில் தோன்றியது. சீன அரசு 2006ஆம் ஆண்டில் லியாங் சாவைத் தேசியப் பாரம்பரியச் செல்வமாக அறிவித்தது. ஐந்து பூக்களைக் கூட்டிக் காய்ச்சும் கஷாயம் ஒன்றுண்டு. செவ்வந்தியோடு, நமக்கும் பழக்கமான ஈழத்தலரிப் பூவையும், முள்ளிலவின் உலர்ந்த செம்மலரையும் அதில் சேர்ப்பார்கள். செவ்வந்திப் பூவைக் கற்கண்டோடு ஊறவைத்த பானமோ சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் தமிழர்களுக்குப் புதியதன்று. அங்கே அது கடைதோறும் பெட்டியில் அடைத்து விற்கப்படுகிறது.

வடக்கே பெய்ஜிங் நகரத்தின் கோடைப் பானம் வேறு சுவையுடையது. புகையில் வாட்டிக் கறுத்த பிளம் பழத்தை, ஹாதார்ன் என்னும் சிறு செம்பழத்தோடும் அதிமதுரத்தோடும் கற்கண்டோடும் காய்ச்சி, மணமுள்ள ஒஸ்மாந்தஸ் பூவைத் தூவி, குளிரவைத்துப் பருகுவார்கள். ஜூலை நடுவில் தொடங்கும் கடும் வெப்ப நாட்களில் பச்சைப்பயற்றை வேகவைத்த நீரும் வீடுதோறும் உண்டு. இலையுதிர் காலத்தின் வறண்ட காற்று தொண்டையை உலர்த்தும்போது பேரிக்காயும் வெண்காளானும் கற்கண்டும் சேர்ந்து கொதிக்கும். பனிக்காலத்தில் இஞ்சியும், இலந்தை இனத்தைச் சேர்ந்த சிவப்பு உலர்பழமும். இரும்புப் பாத்திரத்தை விலக்கி மண்கலத்தில் சிறு தீயில் காய்ச்ச வேண்டுமென்பது பழைய விதி.

இத்தகைய வீட்டுப் பக்குவங்களிலிருந்து உலகையே காக்கும் ஔஷதம் பிறந்ததும் உண்டு. நான்காம் நூற்றாண்டினரான கெ ஹோங் என்பவர், விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்குச் சிங்ஹாவ் என்னும் பூண்டை நீரில் ஊறவைத்துப் பிழிந்து சாற்றைக் குடிக்குமாறு எழுதிவைத்தார். காய்ச்சுமாறு அவர் கூறவில்லை என்பதைக் கூர்ந்து நோக்கிய தூ யூயூ என்னும் அம்மையார், சூடு மருந்தின் சக்தியைக் கெடுக்கிறது போலும் என்று ஊகித்து, குறைந்த வெப்பத்தில் அதன் சத்தைப் பிரித்தெடுத்து, மலேரியாவை வெல்லும் ஆர்ட்டெமிசினினைக் கண்டறிந்து, 2015ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். எனினும் பழமை ஒன்றையே சான்றாகக் கொண்டு எந்த மூலிகையையும் நம்புதல் தகாது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்காகச் சீன மூலிகை கலந்த மாத்திரைகளை உண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் பழுதுற்றது. ஒரு மூலிகைக்குப் பதிலாக, நம் ஆடுதின்னாப்பாளையின் இனத்தைச் சேர்ந்த வேறொன்று அதில் கலந்திருந்ததே அதற்குக் காரணம். பாதகமற்றது என்று நாம் எண்ணும் அதிமதுரமும், நாள்தோறும் மிகுதியாகச் சேர்ந்தால் இரத்த அழுத்தத்தை உயர்த்தி, உடலின் பொட்டாசியச் சத்தைக் குறைத்துவிடும். ஆகையால் கர்ப்பிணிகளும், நிரந்தரமாக மருந்து உண்பவர்களும் மருத்துவரைக் கேளாமல் எந்தக் கஷாயத்தையும் வழக்கமாக்கிக் கொள்ளலாகாது.

பானத்தோடு அப்பியாசமும் சேர்ந்ததே இந்த மரபு. சாங்ஷா நகருக்கருகே மவாங்துய் என்னுமிடத்தில், கி.மு. 168ஆம் ஆண்டில் மூடப்பட்ட கல்லறை ஒன்றை 1973ஆம் ஆண்டில் அகழ்ந்தபோது, ஆண்களும் பெண்களுமாக 44 உருவங்கள் கைகளை நீட்டியும் உடலை வளைத்தும் நிற்கும் பட்டுச் சித்திரம் வெளிப்பட்டது. பிற்காலத்தில் ஹுவா துவோ என்னும் வைத்தியர் புலி, மான், கரடி, குரங்கு, பறவை ஆகிய ஐந்தின் அசைவுகளைக் கொண்டு ஓர் அப்பியாச முறையை வகுத்தார் என்பது வரலாறு. இன்று சீனப் பூங்காக்களில் விடியற்காலையில் முதியோர் செய்வதில் பெரிதும் பரவியது 'பாதுவான்ஜின்' என்னும் எட்டு அங்க அப்பியாசம்: இரு கரங்களாலும் வானத்தைத் தாங்குவது போல் உயர்த்துவதில் தொடங்கி, வில்லை இழுப்பது போன்ற பாவனை, தலையைத் திருப்பிப் பின்னே நோக்குதல் முதலியவை கடந்து, குதிகாலை உயர்த்தி ஏழு முறை மெல்லத் தரையில் இறக்குவதில் முடிகிறது. கால் மணி நேரத்துக்குள் முடியும் இதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை.

அண்மைக் காலத்தில் நம் ஊர்களிலும் கற்பிக்கப்படும் 'யின் யோகா' இம்மரபின் நேர்ச் சந்ததி அன்று. அது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில், பாலி ஸிங்க், பால் கிரில்லி முதலிய ஆசிரியர்கள், யோகாசனங்களோடு சீன வைத்தியத்தின் நாடிப் பாதைக் கொள்கையை இணைத்து உருவாக்கியது. அதனால் அதன் பயன் குறைந்துவிடாது. உட்கார்ந்தோ படுத்தோ ஓர் ஆசனத்தில் மூன்று முதல் ஐந்து நிமிடம், தசைகளைத் தளர்த்தி, வலிந்து இழுக்காமல் தங்குவதே அதன் முறை. வசந்தத்தில் தொடையின் உட்புறத்தையும் விலாவையும், இலையுதிர் காலத்தில் மார்பையும் தோளையும், குளிர்காலத்தில் முதுகையும் காலின் பின்புறத்தையும் விரிக்கும் நிலைகளைத் தேர்ந்தெடுப்பார்கள். முழங்கால் வலி உடையோர் நாற்காலியில் அமர்ந்தே முன்னே குனியலாம். உயர் இரத்த அழுத்தமோ கண் அழுத்த நோயோ உள்ளவர்கள் தலையை இடுப்புக்குக் கீழே தாழ்த்தாமல், முழங்கையை மேசைமேல் ஊன்றிக் குனிவதோடு நின்றுவிட வேண்டும்.